வயர் கட் மெஷினில் கட்டில் கால்

தேக்கில் 75 மி.மீ. சதுரக் கட்டை, 360 மி.மீ. நீளம். அதிலிருந்து கயிறு முறுக்கு போட்ட கட்டில் கால் ஒன்று, மணல்தாள் அதிகம் கேட்காத வழவழப்போடு இறங்கிவிட்டது. இனி எழுதலாம். இதைச் செய்த மெஷின் மரத்துக்கென்று பிறந்ததில்லை. கோவையில் ஒரு டூல் ரூமில் பிரஸ் டை (தகடு வெட்டும் அச்சு) வெட்டிக்கொண்டிருந்த டி.கே.7732 வகை வயர் கட். அதை, சுழலும் பிட்டால் மரம் செதுக்கும் ரூட்டராக மாற்றிய கதை இது.

வயர் கட் பார்க்காதவர்களுக்கு இரண்டு வரி. 0.18 மி.மீ. மாலிப்டினம் கம்பி ஒரு டிரம்மில் சுற்றிக்கொண்டு முன்னும் பின்னும் ஓடும். கம்பிக்கும் இரும்புக்கும் நடுவில் பொறி பறந்து இரும்பு கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டு போகும். கம்பி வேலையைத் தொடுவதே இல்லை. கீழே மேசை எக்ஸில் 400, ஒய்யில் 320 மி.மீ. நகரும். பெயரில் இருக்கும் 32 அந்த 320தான். மோட்டாருக்குப் போகும் மின்துடிப்பு ஒன்றுக்கு ஒரு மைக்ரான் நகர்வு.

பவர் சப்ளை எரிந்து, கன்ட்ரோலரும் செத்து, மூலையில் தார்ப்பாய் மூடிக் கிடந்தது. ஓனர் எடைக்குப் போட இருந்தார். பேசி ரூ.78,000-க்கு முடிந்தது. பழைய இரும்பு விலையைவிட இது கூடத்தான். ஆனால் பணம் கொடுக்கும் முன் டயல் (மயிரிழை அசைவையும் காட்டும் அளவுக் கருவி) வைத்துப் பார்த்தேன். மேசையின் முழு ஓட்டத்திலும் மேல்கீழ் 0.02 மி.மீ.க்குள் இருந்தது. எக்ஸ் ஸ்க்ரூவில் ஆட்டம் 0.01, ஒய்யில் நடுப்பகுதியில் மட்டும் 0.03. இப்படி ஒரு வார்ப்பு அடித்தளத்தையும் மேசையையும் புதிதாகச் செய்யக் கொடுத்தால் அந்தக் காசுக்கு வார்ப்பு அச்சுக்கான மாதிரி (பேட்டர்ன்) கூட வராது. லாரிக்கும் கிரேனுக்கும் ரூ.11,500.

முதலில் பிரித்தல். பவர் சப்ளை பெட்டியில் பெரிய கெப்பாசிட்டர்கள் இருக்கும். வருடக்கணக்கில் கிடந்த மெஷின்தானே என்று கை வைக்கக் கூடாது. ஒரு பழைய நூறு வாட்ஸ் குண்டு பல்பை வயரில் மாட்டி, தேங்கியிருந்த மின்சாரத்தை ஒவ்வொன்றாக இறக்கினேன். டிரான்ஸ்ஃபார்மரின் செம்பு எடைக்குப் போனது. டிரம்மை ஓட்டிய மூன்று ஃபேஸ் மோட்டார் இப்போது என் பெல்ட் சாண்டரில் இருக்கிறது. கூலன்ட் தொட்டியின் அடியில் கறுப்புச் சேறு ஒரு சாண். அதைச் சுரண்டிக் கழுவியதுதான் இந்த வேலையிலேயே அருவருப்பான பகுதி, ஆனால் தொட்டி பின்னால் உதவியது.

மேசையைத் தூக்கியபோதுதான் ஒன்று புரிந்தது. அது வி, தட்டை என்று இரண்டு ரெயில்களில் ரோலர் மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறது. கீழிருந்து இழுத்துப் பிடிக்கும் பட்டை எதுவும் இல்லை. பொறியால் வெட்டும்போது மேசையைத் தள்ளவோ தூக்கவோ விசை ஏது? அதனால் எடையே போதும் என்று விட்டிருக்கிறார்கள். ரூட்டர் பிட்டோ வேலையை மேலே இழுக்கும். கொஞ்சம் பயந்தேன். ஆனால் மேசையும் அதன் கீழ் ஸ்லைடும் சேர்ந்து பல ஆள் எடை, 8 மி.மீ. பிட் மரத்தில் இழுக்கும் இழுப்புக்கு அது அசையாது. அலுமினியம் வெட்டிப் பார்க்கும் ஆசை மட்டும் அன்றோடு போனது.

இந்த மெஷினில் மோட்டாரில் மேல்கீழ் நகரும் இசட் அச்சு கிடையாது. மேல் கை, கைச்சக்கரம் சுற்றி ஏற்றி இறக்குவது. அதைக் கழற்றிவிட்டு, கம்பத்துக்கென்று அடித்தளத்தில் ஏற்கெனவே மில் செய்திருந்த திண்டையும் போல்ட் துளைகளையும் அப்படியே பயன்படுத்திக்கொண்டேன். 200×200×8 சதுரக் குழாயில் கம்பம், மேலும் கீழும் 20 மி.மீ. தகடு, உள்ளே குறுக்கு விலா. வெல்டிங் முடிந்ததும் ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறையில் ஸ்ட்ரெஸ் ரிலீவிங் (சூடாக்கி மெல்ல ஆறவிட்டு உள்ளிறுக்கத்தைப் போக்குவது) செய்து, அப்புறம் பெரிய பாகங்களுக்கான பிளானோ மில்லரில் அடியையும் முகத்தையும் ஒரே பிடிப்பில் மில் செய்தது. பிளானோ வைத்திருப்பவர் கம்பத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க தம்பி, மரம் அறுக்கறதுக்கா இத்தனை கனம்?" என்றார். எல்லாம் சேர்த்து ரூ.36,000. ஸ்ட்ரெஸ் ரிலீவிங்கைத் தவிர்த்திருந்தால் கொஞ்சம் மிஞ்சியிருக்கும், மில் செய்த முகம் மாதக்கணக்கில் மெல்லத் திருகிக்கொண்டிருக்கும்.

இசட்டுக்கு 20 மி.மீ. லீனியர் கைடு இரண்டு, 1605 பால் ஸ்க்ரூ (16 மி.மீ. விட்டம், சுற்றுக்கு 5 மி.மீ. நகர்த்துவது, குண்டுகள் மேல் ஓடுவது), 180 மி.மீ. ஓட்டம். கம்பத்தை நிறுத்தி, மேசையில் மூலைமட்டம் வைத்து, டயலை ஸ்பிண்டில் (பிட்டைச் சுழற்றும் மோட்டார்) உட்காரும் தட்டில் மாட்டி ஏற்றி இறக்கினேன். 180 மி.மீ.க்கு 0.11 முன்னால் சாய்ந்திருந்தது. அடித்தகட்டின் நீளம் 250. கணக்குப் போட்டால் முன்பக்கம் 0.15 ஷிம் (அடியில் செருகும் மெல்லிய தகடு). பித்தளை ஷிம் வெட்டி வைத்து இறுக்கியதும் 0.02-க்கு வந்தது. பக்கவாட்டில் முதலிலிருந்தே சரியாக இருந்தது, கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டேன்.

ஸ்பிண்டில் எல்லோரும் வாங்கும் சீன 2.2 கிலோவாட், 80 மி.மீ. விட்டம், ஈ.ஆர்.20 காலெட் (பிட்டைப் பிடிக்கும் கவ்வி), தண்ணீரில் குளிர்வது. அதன் வேகத்தை மாற்றும் வி.எஃப்.டி.யோடு ரூ.29,000. வி.எஃப்.டி.யில் அதிகபட்ச அதிர்வெண்ணையும் அடிப்படை அதிர்வெண்ணையும் இரண்டையுமே 400 ஹெர்ட்ஸ் என்று வைக்க வேண்டும். அடிப்படையை 50-லேயே விட்டால் மோட்டார் குறைந்த வேகத்தில் முழு மின்னழுத்தத்தையும் வாங்கிச் சூடேறிக் கருகும். கழுவிய கூலன்ட் தொட்டியில் டிஸ்டில்டு வாட்டரும் கார் கூலன்டும் ஊற்றி, ஒரு சின்ன சப்மெர்சிபிள் பம்பு போட்டேன். அந்தப் பம்பை ஆன்லைனில் வாங்கினேன் என்று பம்புக்குப் பேர்போன இந்த ஊரில் வெளியே சொல்ல முடியவில்லை.

ஸ்பிண்டிலும் தட்டும் சேர்ந்து பதினைந்து கிலோ வரும். கரண்ட் போனால் 5 மி.மீ. லீடு பால் ஸ்க்ரூ அதைத் தாங்காது, தானாகச் சுற்றிக்கொண்டு இறங்கும். பிரேக் வைத்த மோட்டார் விலை அதிகம். ஹேட்ச்பேக் கார் டிக்கியைத் தூக்கும் 150 நியூட்டன் கேஸ் ஸ்பிரிங் ஒன்றை மெக்கானிக் கடையில் எடுத்து மாட்டினேன். இப்போது கரண்ட் போனால் தலை அங்கேயே நிற்கிறது.

அடுத்தது வேகம். இதில்தான் இந்த மெஷின் மரத்தோடு ஒத்துப்போகவில்லை.

முதலில் பழைய கியர் பெட்டியை வைத்துக்கொண்டே மோட்டாரை மட்டும் மாற்றினேன். ஒரு மைக்ரான் துல்லியத்தை வீணாக்குவானேன் என்ற எண்ணம். அந்தக் கியரோடு நிமிடத்துக்கு 300 மி.மீ.க்கு மேல் மேசை போகவில்லை. இரண்டு வெட்டு விளிம்பு பிட், 18,000 சுற்று. 300-ஐ 36,000-ஆல் வகுத்தால் ஒரு விளிம்பு ஒரு சுற்றுக்கு 0.008 மி.மீ. எடுக்கிறது. அது வெட்டு இல்லை, உரசல். மா மரத்தில் முதல் சோதனையில் சீவலுக்குப் பதில் புகைதான் வந்தது, பள்ளத்தின் ஓரம் காப்பி நிறத்தில் தீய்ந்திருந்தது. தேக்கில் நிலைமை இன்னும் மோசம். அதில் சிலிக்கா உண்டு, உரசினால் பிட் முனை சீக்கிரம் மழுங்கும். சுற்றைக் குறைக்கலாமே என்றால், இந்த வகை ஸ்பிண்டில் 8,000-க்குக் கீழே போனால் முறுக்குவிசை போதாமல் திணறுகிறது.

கியரைத் தூக்கிவிட்டேன். ஸ்க்ரூவின் பிட்ச் 4 மி.மீ. நெமா 34 அளவு குளோஸ்டு லூப் ஸ்டெப்பர் (துடிப்புக்கு ஒரு அடியாகச் சுற்றி, தன் நிலையைத் தானே சரிபார்க்கும் மோட்டார்) 600 சுற்றுவரை நல்ல முறுக்கோடு ஓடுகிறது, அதற்கு மேல் விசை மளமளவென்று குறைகிறது. நேராக இணைத்தால் 2,400 மி.மீ. வரும். 5எம் பல் பெல்ட்டில் மோட்டார் பக்கம் 36 பல், ஸ்க்ரூ பக்கம் 24 பல் வைத்ததில் ஸ்க்ரூ 900 சுற்று, மேசை 3,600. இப்போது விளிம்புக்கு 0.1 மி.மீ. சீவல் சீவலாகவே வருகிறது. மேசை இத்தனை கனமாச்சே, மோட்டார் தூக்குமா என்று சந்தேகப்பட்டேன். 4 மி.மீ. பிட்ச் இங்கே நன்மை செய்கிறது. மேசையின் கனம் மோட்டாருக்குத் தெரிவதே இல்லை, ஸ்க்ரூவையும் பல்சக்கரத்தையும் சுற்றும் பாரம்தான் தெரிகிறது.

மோட்டாரின் ஒரு சுற்றுக்கு 1,600 துடிப்பு வைத்தால் ஒரு துடிப்புக்கு 0.004 மி.மீ. சுமார். துல்லியம் கால்வாசி ஆகிவிட்டதே என்று யாரும் வருத்தப்பட வேண்டாம். ஈரம் ஒரு சதவீதம் கூடினாலே 100 மி.மீ. அகலத் தேக்குப் பலகை 0.2 மி.மீ. வரை விரிகிறது. இந்த மெஷினில் மரவேலைக்குப் பயன்படுவது மைக்ரான் இல்லை, கனம். நடுக்கம் இல்லாமல் நிற்பதால் வெட்டின் முகம் பளபளவென்று வருகிறது. அலுமினியம் புரொஃபைலில் கட்டிய நண்பரின் ரூட்டரில் அதே பிட், அதே வேகத்தில் வெட்டி இரண்டு துண்டையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தோம். அவருடையதில் சன்னமான அலை தெரிந்தது.

கன்ட்ரோலுக்கு, மோட்டார்களுக்குத் துடிப்பு அனுப்பும் மெசா 7ஐ96எஸ் கார்டு, பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் லினக்ஸ் சி.என்.சி. என்ற மெஷின் ஓட்டும் மென்பொருள். கார்டில் ஐந்து மோட்டார்வரை ஓட்டலாம், எனக்கு நான்கு போதும். வயரிங் பற்றி நீட்டவில்லை. ஸ்பிண்டில் கேபிள் ஷீல்டு (உலோக உறை) உள்ளதாக இருக்கட்டும், ஷீல்டை வி.எஃப்.டி. பக்கம் எர்த்தில் கட்டுங்கள், மேசை ஓரத்துக்கு வந்ததைச் சொல்லும் லிமிட் சுவிட்சின் வயரை அதன் கூடவே ஒரே டிரேயில் ஓட்டாதீர்கள். நான் ஓட்டினேன், ஸ்பிண்டில் சுழலத் தொடங்கிய கணமே மெஷின் ஓரத்தை இடித்துவிட்டதாக நினைத்து நின்றுகொண்டது.

மூன்று அச்சில் முதல் உருப்படியான வேலை ஒரு பல்லாங்குழிப் பலகை. வாகை மரம், இரண்டு வரிசையில் பதினான்கு குழி. குழிகள் எல்லாம் ஆயிரக்கணக்கான குட்டிக் கோடுகளாக வரும் நிரல். ஒவ்வொரு கோட்டின் முனையிலும் மெஷின் தயங்கித் தயங்கி ஓடியது. ஒவ்வொரு புள்ளியையும் தவறாமல் தொட்டுப் போ என்னும் ஜி61 கட்டளையில் இருந்தது காரணம். ஜி64 பி0.03 என்று மாற்றியதும், அதாவது 0.03 மி.மீ.வரை மூலையை வளைத்துக்கொள் என்று சொன்னதும், ஒரே சீராக வழுக்கிக்கொண்டு போனது. செதுக்கு வேலையில் உச்ச வேகத்தைவிட இந்த ஒரு வரி அதிக நேரத்தை மிச்சப்படுத்துகிறது.

நான்காவது அச்சுக்கு 100 மி.மீ. நான்கு தாடை சக் வைத்த ரோட்டரி (கட்டையைப் பிடித்துச் சுழற்றும் தலை), பெல்ட்டில் 6:1, ரூ.17,000. மைய உயரம் 65 மி.மீ. 75 சதுரக் கட்டையின் மூலைவிட்டம் 106, பாதி 53, ஆக மேசையில் இடிக்காமல் சுழலும். எக்ஸ் திசையில் படுக்கவைத்தேன். கட்டையின் மறுமுனையைத் தாங்கும் டெயில் ஸ்டாக்கில் ஒரு சின்ன சந்தோஷம். வயர் கட்டில் சாய்வாக வெட்டுவதற்காக மேல் கையில் யு, வி என்று ஒரு குட்டிக் குறுக்கு ஸ்லைடு இருக்கும். அதைத் தூக்கி எறிய மனமில்லாமல் வைத்திருந்தேன். டெயில் ஸ்டாக்கின் அடியில் அதைப் போட்டுவிட்டேன். சக்கில் 20 மி.மீ. கிரைண்டிங் செய்த ராடு பிடித்து, டயலை நீளவாக்கில் ஓட்டி, யு ஸ்க்ரூவை மயிரிழை திருப்பினால் வரிசை சரியாகிறது. அந்த மைக்ரான் ஸ்லைடு மைக்ரானுக்காகவே பயன்படும் ஒரே இடம் இதுதான். வி திசை உயரத்துக்கு உதவவில்லை, பூட்டிவைத்திருக்கிறேன்.

முறுக்குக்கு, வரைபடத்திலிருந்து நிரல் எழுதித் தரும் கேம் மென்பொருள் எதிலும் போகவில்லை. பைத்தான் மொழியில் ஐம்பது வரி எழுதினால் கயிற்றின் குறுக்குவெட்டிலிருந்து எக்ஸ், இசட், ஏ (கட்டை சுழலும் அச்சு) மூன்றும் வந்துவிடுகிறது. ஆனால் முதல் காலில் சில வளையங்கள் தீய்ந்தும் சில இடங்கள் பிய்ந்தும் வந்தன. வேகத்துக்கு எஃப்2000 என்று போட்டால் கன்ட்ரோலர் அதை எக்ஸ், இசட் நகர்வுக்கு மட்டும்தான் எடுத்துக்கொள்கிறது. ஏ அந்த நேரத்துக்குள் சுற்றி முடிக்கும், அவ்வளவுதான். ஏ தனியாகச் சுற்றும் வரியிலோ அதே 2000 நிமிடத்துக்கு இத்தனை டிகிரி என்று ஆகிவிடுகிறது. 60 மி.மீ. விட்டத்தில் 2,000 மி.மீ. மேற்பரப்பு வேகம் வேண்டுமென்றால் ஏ நிமிடத்துக்குச் சுமார் 3,800 டிகிரி போக வேண்டும். அது 2,000-இல் தூங்கிக்கொண்டிருந்தது.

விடை ஜி93. ஒவ்வொரு வரியும் எவ்வளவு நேரத்தில் முடிய வேண்டும் என்பதைத் தலைகீழாகச் சொல்வது: வேண்டிய வேகத்தை அந்த வரியின் உண்மையான மேற்பரப்பு நீளத்தால் வகு. அரை மி.மீ. வரிக்கு 2,000 வேண்டுமானால் எஃப்4000. எல்லா வரியிலும் எஃப் எழுதியாக வேண்டும், ஒன்று விட்டாலும் மெஷின் மறுக்கும். பைத்தான் எழுதுவதால் தொல்லை இல்லை. அதற்குப் பின் தீய்ந்த வளையம் வரவில்லை.

பிய்தல் வேறு விஷயம். முறுக்கின் ஒரு பக்கச் சரிவில் மட்டும் சிலாம்பு எழுந்தது. எங்கள் மாமா நாற்பது வருடமாகத் தச்சு வேலை செய்பவர். பார்த்த உடனே, "மேட்டுலேர்ந்து பள்ளத்துக்கு ஓட்டு மாப்ள, பள்ளத்துலேர்ந்து மேட்டுக்கு ஏறினா இழை பிச்சுக்கும்" என்றார். உளிக்கு என்ன விதியோ பிட்டுக்கும் அதுதான். ஒவ்வொரு புரியையும் இரண்டாகப் பிரித்து, இரு சரிவிலும் உச்சியிலிருந்து கீழே மட்டும் வெட்டும்படி நிரலை மாற்றினேன். பிட் வெறுங்காற்றில் திரும்பி வரும் நேரம் கூடியது, மணல்தாள் நேரம் அதைவிட அதிகமாகக் குறைந்தது.

இப்போதைய கணக்கு: 8 மி.மீ. பிட்டில் ரஃபிங் (முதல் முரட்டு வெட்டு) 35 நிமிடம். 6 மி.மீ. உருண்டை முனை பிட்டில், கோட்டுக்குக் கோடு 0.5 இடைவெளியில் ஃபினிஷிங் ஒன்றேகால் மணி. அந்த இடைவெளிக்கு, கோடுகளுக்கு நடுவே மீதமாகும் மேட்டின் உயரம் 0.01 மி.மீ., கை வைத்தால் தெரியாது. பழைய கியரோடு ஓட்டியிருந்தால் ஃபினிஷிங் மட்டும் ஒன்பது மணி நேரம் பிடித்திருக்கும். ஒரு கட்டிலுக்கு நாலு கால், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

தூசி இன்னும் முழுசாகத் தீரவில்லை. இரும்பு வேலையில் கூலன்ட் சீவலை அடித்துக்கொண்டு போகும். மரத்தூள் காற்றில் மிதந்து, எண்ணெய் பூசிய ரெயிலைத் தேடி வந்து உட்காரும். ஸ்லைடு ஆயிலோடு சேர்ந்தால் புண்ணாக்கு போல இறுகிவிடுகிறது. ஒய் ரெயிலைத் திறந்தபோது ரோலர் கூண்டின் ஓரத்தில் அதுதான் இருந்தது. இப்போது இரண்டு அச்சுக்கும் மடிந்து விரியும் பெல்லோஸ் கவர், ஓரத்தில் ஃபெல்ட் பட்டை, ஸ்பிண்டிலைச் சுற்றி பிரஷ் வைத்த ஷூ (தூள் உறிஞ்சும் வாய்), வெளியே சைக்ளோனும் வேக்குவமும். ரூ.16,000 ஆனது. மூன்று அச்சில் ஷூ நன்றாக உறிஞ்சுகிறது; ரோட்டரியில் சுழலும் கட்டையைச் சுற்றி அதனால் மூட முடிவதில்லை, தூள் பக்கவாட்டில் பறக்கிறது. தேக்குத் தூள் மூச்சுக்கும் தோலுக்கும் ஆகாது, முகக்கவசம் இல்லாமல் பக்கத்தில் நிற்பதில்லை.

மற்ற செலவு: இசட் பாகங்கள் 14,500, மூன்று மோட்டாரும் டிரைவரும் 31,500, கார்டும் கம்ப்யூட்டரும் 31,000, பேனல், கேபிள், சுவிட்ச் 19,000, பிட்டுகள் 8,500. மேலே சொன்னவற்றோடு கூட்டினால் ரூ.2,92,000. என் கூலி சேர்க்கவில்லை. கதவு, மேசைப் பலகை என்று பெரிய வேலை நினைத்திருப்பவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம், 320-க்கு 400 என்பது ஒரு மணைப்பலகை அகலம் கூட இல்லை. அவர்கள் ரூட்டராகவே வாங்கட்டும். கால், குமிழ், கைப்பிடி, சின்னச் சிற்பம் செய்பவர்களுக்கு இது சரியான மெஷின்.

திரும்பச் செய்வதானால் முதல் நாளே எக்ஸ், ஒய் ஸ்க்ரூக்களைக் கழற்றி 10 மி.மீ. லீடு பால் ஸ்க்ரூ போடுவேன். பெல்ட்டே தேவைப்படாது, 600 சுற்றில் 6,000 கிடைக்கும், ஒய்யின் 0.03 ஆட்டமும் போகும். கவரை வடிவமைத்த பிறகுதான் மேசையை மேலே ஏற்றுவேன்; ஏற்றிய பின் பெல்லோஸுக்கு இடம் தேடியது பெரும் பாடு.

ஐந்தாவது அச்சு பற்றிக் கேட்கிறார்கள். யாளி முகம் செதுக்க வேண்டுமானால் தாடைக்குள் போக ஸ்பிண்டில் சாய்ந்தாக வேண்டும். மோட்டார் போட்டுச் சாய்க்கப் போவதில்லை. சாயும் மையத்திலிருந்து பிட் முனை 140 மி.மீ. தள்ளி இருக்கிறது, 0.1 டிகிரி ஆட்டம் வந்தாலே முனையில் 0.24 மி.மீ. காட்டும். அதற்குப் பதில் 16 மி.மீ. தகட்டில் 0, 15, 30 டிகிரிக்கு டவல் பின் (இடம் பிசகாமல் பிடிக்கும் உருளை ஊசி) துளை போட்டு, கையால் சாய்த்துப் பூட்டும் தட்டு வரைந்து வைத்திருக்கிறேன். துளைகளை வயர் கட்டில் வெட்டித் தர ஒருவரிடம் கொடுத்திருக்கிறேன்.